அஸ்திவாரத்தைத் தொடுவதற்கு முன் ஓர் ஆண்டு

எங்கள் பழைய வீட்டின் பின்னறைக் கதவைக் கழற்றித் தரையில் கிடத்தியபோதுதான் அதன் மேல்விளிம்பு நேராக இல்லை என்பதைக் கவனித்தேன். கீல் இருந்த பக்கத்தில் பலகையின் உயரம் முழுமையாக இருந்தது. தாழ்ப்பாள் பக்கத்துக்கு வர வர மரம் சீவப்பட்டு, அந்த முனையில் 6 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. இழைப்புளி ஓடிய தடங்கள் மூன்று தனித்தனிச் சாய்வுகளில் தெரிந்தன. அவற்றுள் ஒன்றின் மேல் பழைய பச்சை வண்ணம் இருந்தது, இன்னொன்றின் மேல் வெறும் வார்னிஷ், மூன்றாவது வெறும் மரம். கதவு நிலையில் உரசிய ஒவ்வொரு முறையும் தச்சரை வரவழைத்துச் சீவச் சொல்லியிருக்கிறார்கள். "மரம் பெருத்துவிட்டது" என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஈரத்தில் மரம் பெருப்பது உண்மைதான். ஆனால் பெருத்த மரம் காய்ந்ததும் சுருங்க வேண்டும், அதுவும் ஒரு மூலையில் மட்டும் பெருக்காது. கதவின் மேல் பழி போட்டுவிட்டு, நிலை சாய்ந்திருப்பதை மூன்று முறையும் யாரும் பார்க்காமல் விட்டிருக்கிறார்கள்.

வீட்டைப் புதுப்பிப்பது என்று அண்ணனும் நானும் முடிவு செய்து, வேலைப் பட்டியலும் எழுதி முடித்திருந்த நேரம் அது. கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையிலுள்ள சுவரை எடுத்துவிட்டு உத்திரம் கொடுப்பது, தரைக்குப் புதிய டைல்ஸ், எல்லாச் சுவர்களுக்கும் புதுப்பூச்சு, மின்கம்பிகளை மாற்றுவது, வசதிப்பட்டால் மாடியில் ஓர் அறை. பட்டியலில் அஸ்திவாரம் என்ற சொல்லே இல்லை. சுவர்களில் விரிசல்கள் இருந்தன என்பது எங்களுக்குத் தெரியும், ஆனால் அவற்றைப் பூச்சு வேலையின் கணக்கில் சேர்த்திருந்தோம். கதவைப் பார்த்த பிறகு அந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் வந்து பார்த்த ஒப்பந்ததாரர், வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டு, நான்கு பக்கமும் அஸ்திவாரத்தின் அடியில் கான்கிரீட் கொடுத்தால்தான் வீடு நிற்கும் என்றார். இரண்டாவதாக வந்தவர், விரிசலை வெட்டி விரித்து ரசாயனக் கலவையை அடைத்துப் பூசினால் போதும், ஒரே வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்றார். இருவர் கேட்ட தொகைக்கும் இடையே ஏறத்தாழ இருபது மடங்கு வேறுபாடு. இருவருக்கும் பொதுவான ஒன்றும் இருந்தது: ஒருவரும் மண்ணைத் தோண்டிப் பார்க்கவில்லை, ஒருவரும் அளவு நாடாவைக் கையில் எடுக்கவில்லை. பெரிய தொகை கேட்டவர் ஏமாற்றுகிறார், சிறிய தொகை கேட்டவர் நியாயமானவர் என்று அண்ணன் உடனே எடுத்துக்கொண்டார். இருவருமே மருந்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நோயாளியைத் தேடுகிறவர்கள் என்று எனக்குத் தோன்றியது.

அண்ணனின் வாதத்தை நான் எளிதாக ஒதுக்கிவிடவில்லை. எண்பது ஆண்டுகளாக நிற்கும் வீடு, இத்தனை மழையையும் வெயிலையும் பார்த்த வீடு, இப்போது நாம் டைல்ஸ் ஒட்டும்போது மட்டும் ஏன் விழப்போகிறது என்று அவர் கேட்டார். அதில் நியாயம் உண்டு. ஒரு கட்டடத்தின் அடியில் உள்ள மண் அதன் எடைக்கு அமுங்குவதெல்லாம் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளில் நடந்து முடிந்துவிடும். களிமண்ணானால் இன்னும் கூடுதல் காலம் பிடிக்கும், அதற்கும் ஒரு முடிவு உண்டு. ஆகவே எண்பது வயது வீடு புதிதாக இறங்குகிறது என்றால், அதன் எடையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. சுற்றிலும் ஏதோ மாறியிருக்க வேண்டும். தண்ணீர் புதிதாக வந்திருக்கலாம், இருந்த ஈரம் போயிருக்கலாம், அருகில் யாராவது பள்ளம் தோண்டியிருக்கலாம், மேலே எடை கூடியிருக்கலாம். அண்ணனின் கேள்வியையே கொஞ்சம் திருப்பிப் போட்டால் எங்களுக்கு வேண்டிய கேள்வி கிடைத்தது: எண்பது ஆண்டு நின்ற வீடு இன்னும் அசைந்துகொண்டிருக்கிறதா, அசைகிறதென்றால் எது மாறியது?

மூன்றாவதாக ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்தோம். அவர் கட்டும் வேலை எதையும் எடுத்துச் செய்பவர் அல்லர், ஆய்வுக்கு மட்டும் கட்டணம் வாங்குபவர். ஆலோசனை சொல்பவரும் அந்த ஆலோசனையால் வேலை பெறுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பதை முதல் இருவரிடமிருந்து கற்றிருந்தோம். அவர் கொண்டு வந்தவை ஒரு தூக்குக்குண்டு, மில்லிமீட்டரின் சிறு பங்கையும் அளக்கும் வெர்னியர் அளவி ஒன்று, தண்ணீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் மட்டக் குழாய், ஒரு டார்ச். அந்தக் குழாயைக் கொண்டு வீட்டைச் சுற்றி வெளிப்பக்கச் செங்கல் வரிசைகளில் ஒன்றை மட்டம் பார்த்தார். கட்டிய நாளில் கொத்தனார் நூல் பிடித்து மட்டமாகத்தான் வரி வைத்திருப்பார். இன்று அந்த வரி எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கே வீடு இறங்கியிருக்கிறது. தரையை வைத்து மட்டம் பார்த்தால் ஏமாந்துவிடுவோம், ஏனென்றால் பழைய தரை தண்ணீர் ஓட வேண்டுமென்றே வாட்டம் கொடுத்துப் போடப்பட்டிருக்கலாம். கோலிக்குண்டை உருட்டிப் பார்த்துப் பதறிப்போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்று பக்கங்களில் வரியின் ஏற்றத்தாழ்வு 8 மில்லிமீட்டருக்குள் இருந்தது. அது கட்டும்போதே ஏற்பட்ட பிசகாகவும் இருக்கலாம் என்றார். பின்பக்க மூலையில் மட்டும், கடைசி 4 மீட்டர் நீளத்துக்குள், வரி 24 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. அதாவது 167இல் ஒரு பங்கு சாய்வு. இந்தப் பின்னத்துக்கு ஒரு பொருள் உண்டு. ஸ்கெம்டன், மெக்டொனால்டு என்ற இருவர் 1956இல் பல கட்டடங்களின் அளவுகளை ஆராய்ந்து, இரண்டு இடங்களுக்கு இடையே இறக்கத்தின் வேறுபாடு அவற்றின் இடைவெளியில் 300இல் ஒரு பங்கைத் தாண்டும்போது சுவர்களில் விரிசல் விழத் தொடங்கும் என்றும், 150இல் ஒரு பங்கைத் தொட்டால் கட்டமைப்பே பாதிக்கப்படலாம் என்றும் வகுத்தார்கள். எங்கள் மூலை இரண்டுக்கும் நடுவே, ஆனால் கெட்ட பக்கத்துக்கு அருகில் நின்றது. நான் கதவைப் பற்றிச் சொன்னேன். 900 மில்லிமீட்டர் அகலக் கதவில் 6 மில்லிமீட்டர் என்றால் சரியாக 150இல் ஒரு பங்கு. தச்சர் கொஞ்சம் தாராளமாகவே சீவியிருப்பார், அதை அளவுகோலாக எடுக்க வேண்டாம் என்று சிரித்தார். ஆனாலும் கதவைச் சாய்த்து வைத்து அந்த விளிம்பைத் தாமும் ஒரு முறை அளந்தார்.

பிறகு விரிசல்களுக்கு வந்தார். விரிசலின் அகலத்தை மட்டும் பார்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்பதை அன்று கற்றேன். அது எந்தத் திசையில் ஓடுகிறது, எந்த முனையில் அகலம், பூச்சோடு நிற்கிறதா செங்கல்லையும் பிளக்கிறதா, உள்ளே தெரிவது வெளியிலும் தெரிகிறதா என்பவை எல்லாம் சேர்ந்தே பேசும். பூச்சில் சிலந்தி வலைபோல் பரவியிருக்கும் மயிரிழைகள் கலவை காயும்போது சுருங்கியதால் வந்தவை. அவற்றுக்கும் அஸ்திவாரத்துக்கும் தொடர்பில்லை. கூரைத் தளத்துக்குக் கீழே நேர்கோடாகச் சுவர் நீளத்துக்கும் ஓடும் விரிசல், வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது. சன்னலின் மூலையிலிருந்து படிக்கட்டுபோல் செங்கல் இணைப்புகளைப் பிடித்துச் சரிவாக ஏறும் விரிசல்தான் அஸ்திவாரத்தைச் சுட்டுவது. அதிலும் மேல்முனை அகலமாக இருந்தால் சுவரின் கோடி கீழே இறங்குகிறது, கீழ்முனை அகலமாக இருந்தால் சுவரின் நடுப்பகுதி தொய்கிறது என்பது பொதுவான வாசிப்பு. எங்கள் பின்மூலைச் சன்னலின் மேலிருந்த விரிசல் கீழே 2 மில்லிமீட்டரும் மேலே 6 மில்லிமீட்டரும் இருந்தது. மட்டக் குழாய் சொன்னதையே அதுவும் சொன்னது.

பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் விரிசல்களை அகலப்படி தரம் பிரித்து வெளியிட்ட அட்டவணையை இத்துறையில் பலரும் பயன்படுத்துகிறார்கள். அதன்படி 1 மில்லிமீட்டர் வரை மிகச் சிறியது, வண்ணம் பூசும்போதே மறைந்துவிடும். 5 வரை சிறியது. 5 முதல் 15 வரை நடுத்தரம். 15 முதல் 25 வரை கடுமை. அதற்கு மேல் போனால் சுவரின் உறுதியே ஐயத்துக்குரியது. எங்கள் வீட்டில் பின்மூலை நடுத்தரத்தின் வாசலில் இருந்தது, மற்ற மூன்று விரிசல்களும் 1 முதல் 2 மில்லிமீட்டர். ஆனால் இந்த அட்டவணை இன்றைய நிலையைச் சொல்கிறதே தவிர நாளையைச் சொல்வதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு 6 மில்லிமீட்டர் பிளந்து அப்படியே நின்றுவிட்ட விரிசலும், ஆறு மாதத்தில் 6 மில்லிமீட்டரை எட்டிய விரிசலும் அதில் ஒரே வரியில்தான் உட்காரும். முன்னதற்குச் சாந்து போதும், பின்னதற்கு மண்வெட்டி வேண்டும். வேறுபாட்டைக் கண்டுபிடிக்கக் காலத்தைத் தவிர வேறு கருவி கிடையாது என்று சொல்லி, ஓர் ஆண்டு அளந்து பார்க்கச் சொன்னார் பொறியாளர். ஈரமான பருவமும் வறண்ட பருவமும் ஒரு சுற்று வந்தால்தான், பருவத்தோடு திறந்து மூடும் விரிசல் எது, ஒரே திசையில் விரிந்துகொண்டே போகும் விரிசல் எது என்று பிரிக்க முடியுமாம்.

ஓர் ஆண்டு என்றதும் அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

அளக்கும் முறை எளிமையானது. விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டி அது உடைகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கம் அசைவு உண்டா இல்லையா என்பதை மட்டுமே சொல்லும், எவ்வளவு என்பதைச் சொல்லாது. அதோடு பசை விட்டுப்போனாலும் கண்ணாடி விழும். நாங்கள் விரிசலின் ஒரு பக்கத்தில் இரண்டு, மறுபக்கத்தில் ஒன்று என்று முக்கோணமாக மூன்று பித்தளைத் திருகாணிகளைச் சுவரில் பதித்தோம். மாதம் ஒரு முறை, ஏறக்குறைய ஒரே நேரத்தில், வெர்னியரால் அவற்றின் இடைவெளியை அளந்து பக்கத்திலேயே பென்சிலால் தேதியோடு எழுதினோம். முக்கோணமாக இருப்பதால் விரிசல் அகல்வதோடு ஒரு பக்கம் கீழே வழுக்குவதும் கணக்கில் வந்துவிடும். முதல் மூன்று மாதங்களில் முன்பக்க விரிசல்கள் 0.1, 0.2 என்று ஆடிக்கொண்டிருந்தன. பின்மூலை 6.0இலிருந்து 6.7க்குப் போனது. அந்த எண்ணை அண்ணனிடம் காட்டியபோது அவர் வெர்னியரை வாங்கித் தாமே ஒரு முறை அளந்தார். அதற்குப் பிறகு மாதாமாதம் அளப்பது அவருடைய வேலையாகிவிட்டது.

மூன்றாம் மாதம் சோதனைக் குழி எடுத்தோம், முன்பக்கம் ஒன்று, பின்மூலையில் ஒன்று. அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டுவதற்கே நான் பயந்தேன். பைசா நகரின் சாய்ந்த கோபுரத்தின் அடிப்பகுதி மண்ணில் புதைந்து கிடந்ததைப் பார்வைக்குக் கொண்டுவர 1838இல் சுற்றிலும் நடைபாதை தோண்டினார்கள். நிலத்தடி நீர் பொங்கி வந்து கோபுரம் மேலும் சாய்ந்தது. பொறியாளர் அந்தக் கதையைத் தமக்கும் தெரியும் என்று சொல்லி, ஆள் ஒருவர் குனிந்து வேலை செய்யும் அளவுக்கு மட்டும், அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போகாமல், ஒரே நாளில் தோண்டிப் பார்த்து மூடிவிடும்படி குழியை அமைத்தார்.

முன்பக்கக் குழியில் 70 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த கட்டு, கத்தி முனையால் குத்தினாலும் இறங்காத கெட்டி. அதன் அடியில் களிமண். ஒரு பிடி எடுத்துத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து உள்ளங்கையில் உருட்டச் சொன்னார். 3 மில்லிமீட்டர் தடிமன் திரியாகும் வரை உதிராமல் உருண்டது. அப்படி உருளும் மண், நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். முன்பக்க விரிசல்கள் பருவத்துக்குப் பருவம் ஆடுவதற்கு அதுவும், பத்தடி தள்ளி நின்ற மரமும் போதுமான காரணம் என்றார். அப்படியானால் மரத்தை வெட்டிவிடலாம் என்று நான் சொன்னதற்கு உடனே தடுத்தார். பல ஆண்டுகளாக வேர் உறிஞ்சிக்கொண்டிருந்த ஈரம் மரம் போனபின் களிமண்ணில் மெல்ல மெல்லத் திரும்பும்; மண் உப்பிக்கொண்டு அஸ்திவாரத்தை மேல்நோக்கித் தள்ளும்; இறக்கத்தைவிட அந்த எழுச்சியைச் சமாளிப்பது கடினம். கிளைகளைக் கழித்து மரத்தின் தாகத்தைக் குறைப்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

பின்மூலைக் குழி வேறு கதை. மழை பெய்து ஏழு வாரம் ஆகியும் இரண்டடி ஆழத்தில் மண் சேறாக இருந்தது, சோப்பு நாற்றம் அடித்தது. கல்லிடுக்கில் விரலை நுழைத்தேன். சாந்து இருக்க வேண்டிய இடத்தில் ஈர மணல்தான் இருந்தது, விரல் இரண்டு கணு உள்ளே போனது. அடியில் இருந்த மண்ணை உருட்டினால் திரியே ஆகவில்லை, மணலும் உடைந்த செங்கல்லும் கலந்த நிரப்பு மண் அது. இன்னும் ஒரு முழம் தள்ளிப் பார்த்தபோது காரணம் கிடைத்தது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு அந்த மூலையை ஒட்டி ஒரு குளியலறை கட்டியிருந்தோம். அதன் கழிவுநீர்க் குழாய்க்காகச் சுவருக்கு இணையாக, சுவரின் அஸ்திவாரத்தைவிட ஆழமாக, ஏறத்தாழ 1 மீட்டர் ஆழத்தில் பள்ளம் தோண்டி, பிறகு கையில் கிடைத்த இடிபாடுகளைக் கொட்டி மூடியிருந்தார்கள். தளர்ந்த அந்தப் பள்ளத்துக்குள் குழாயின் இணைப்பு விட்டுப்போய்த் தண்ணீர் ஓட, அஸ்திவாரத்தின் அடியிலிருந்த மண்துகள்கள் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் அரித்துக்கொண்டு போயிருக்கின்றன. போதாக்குறைக்கு, கூரையின் மழைநீர்க் குழாயும் அந்த மூலையிலேயே தரையில் கொட்டிக்கொண்டிருந்தது. 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். அதில் பாதி அந்த ஒரு மூலையில் விழுந்தாலும் ஒரே மழைக்கு 500 லிட்டர். ஆக, வீட்டைச் சாய்த்தது அதன் வயதன்று. நாங்களே செய்த முந்தைய புதுப்பிப்பு வேலை. இதை எழுதும்போதும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் அந்தக் குளியலறை வேண்டும் என்று அடம்பிடித்தது நான்தான்.

நான்காம் மாதம் குழாயைப் பிடுங்கி, சுவரிலிருந்து தள்ளிப் புதிய பாதையில் போட்டோம். மழைநீர்க் குழாயை நீட்டி வீட்டுக்கு வெளியே கொண்டுபோனோம். சுவரைச் சுற்றி மண்ணை ஏற்றி வெளிப்பக்கமாக வாட்டம் கொடுத்தோம். இவை அஸ்திவார வேலை என்ற பெயரில் யாரும் மதிப்பீடு தராத வேலைகள். ஆனால் எந்த வீட்டிலும் அஸ்திவாரத்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை இவைதான் என்பேன். தண்ணீர் போகும் வழியைச் சரிசெய்யாமல் அடியில் எவ்வளவு கான்கிரீட் கொடுத்தாலும், அதன் ஓரத்து மண் தொடர்ந்து கரைந்துகொண்டுதான் இருக்கும். ஐந்தாம் மாத அளவு 7.1. ஆறாம் மாதம் 7.2. அதற்குப் பிறகு மழையும் வந்து போய் வறட்சியும் வந்து போய், பன்னிரண்டாம் மாதம் வரை 7.1க்கும் 7.2க்கும் இடையிலேயே நின்றது.

இங்கேதான் முடிவு எடுப்பது நான் எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருந்தது. அசைவு நின்றுவிட்டது, அப்படியானால் அஸ்திவாரத்தைத் தொட வேண்டாம், பூசிவிட்டுப் போகலாம் என்று இப்போது நான் சொன்னேன். ஓர் ஆண்டாக வெர்னியர் பிடித்த அண்ணனோ அந்த மூலையை விடக் கூடாது என்றார். இருவரும் இடம் மாறியிருந்தோம். பொறியாளர் எங்கள் வேலைப் பட்டியலைக் கேட்டு வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். அஸ்திவாரம் இன்றைய எடையைத் தாங்குகிறதா என்பது ஒரு கேள்வி, நாளை நீங்கள் ஏற்றப்போகும் எடையைத் தாங்குமா என்பது வேறு கேள்வி என்றார்.

அவர் போட்டுக் காட்டிய கணக்குகள் எளியவை. கூடத்துச் சுவரை எடுத்துவிட்டு உத்திரம் கொடுத்தால், 4 மீட்டர் நீளத்துக்குப் பரவியிருந்த கூரையின் எடை முழுவதும் இரு முனைகளிலும் அரை மீட்டர் அரை மீட்டராக இறங்கும். அதாவது அந்த இடங்களில் அஸ்திவாரத்தின் மேல் கூரை தரும் அழுத்தம் நான்கு மடங்கு. அந்த இரு முனைகளில் ஒன்று, எங்கள் பின்மூலைச் சுவரில்தான் உட்காருகிறது. மாடி அறை கட்டினால், ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் 3 மீட்டர் உயரத்துக்கு, ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 1,300 கிலோ; அதற்கு மேல் கான்கிரீட் தளம், 125 மில்லிமீட்டர் தடிமன் என்றால் சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கும் மேல். ஒரு தளத்துக்கென்று கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கடைக்காலிடம் அதைக் கேட்பது நியாயமில்லை. தரைத்தளத்து டைல்ஸைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை; அதன் எடை நேரே மண்ணுக்குப் போகிறது, சுவருக்கு வருவதில்லை. நாங்கள் ஒரு மணி நேரத்தில் மாடி அறையைப் பட்டியலிலிருந்து அடித்தோம். அதற்காக எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. மாடி வேண்டும் என்றால் நான்கு பக்கமும் அஸ்திவாரத்தைக் கெட்டிப்படுத்த வேண்டியிருக்கும், அந்தத் தொகைக்குப் புதிதாக ஒரு சிறு வீடே கட்டிவிடலாம். உத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். அதற்காகவும், கல்லிடுக்கில் சாந்தே இல்லாமல் நின்ற அந்த மூலையின் நிலைக்காகவும், 3.6 மீட்டர் நீளத்துக்கு மட்டும் அஸ்திவாரத்தின் அடியில் கான்கிரீட் கொடுப்பது என்று முடிவானது.

அண்டர்பின்னிங் என்று சொல்லப்படும் அந்த வேலையை நேரில் பார்க்கும் வரை, வீட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடியில் எதையோ நுழைப்பார்கள் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அது பல் மருத்துவர் வேலைபோல் ஒவ்வொரு பல்லாக நடக்கிறது. 3.6 மீட்டரை 1.2 மீட்டர் கொண்ட மூன்று கண்களாகப் பிரித்து, சுவருக்கும் சன்னலுக்கும் முட்டுக் கொடுத்துவிட்டு, முதல் கண்ணை மட்டும் அடிக்கல்லுக்குக் கீழே, கெட்டிக் களிமண் கிடைத்த ஒன்றரை மீட்டர் ஆழம் வரை தோண்டினார்கள். அந்த நேரத்தில் அதன் மேலிருந்த சுவர் இருபக்கத்து மண்ணை நம்பி ஒரு பாலம்போல் நிற்கிறது. அதனால்தான் அடுத்தடுத்த இரண்டு கண்களை ஒரே சமயத்தில் திறக்கவே கூடாது. கான்கிரீட்டைப் பழைய கல்லைத் தொடும் வரை நிரப்பாமல் 75 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நிறுத்தினார்கள். கான்கிரீட் இறுகும்போது சற்றுச் சுருங்கும் என்பதால், அது கெட்டியான பிறகு, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுக்கு மட்டும் ஈரமுள்ள சிமென்ட் மணல் கலவையை அந்த இடைவெளியில் மரக்கட்டையும் சுத்தியலும் கொண்டு இடித்து இடித்து அடைத்தார்கள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கலவை நிறைய நிறைய ஓசை மாறி, கடைசியில் கல்லில் அடிப்பதுபோல் கணீரென்று கேட்டது. பிறகு மூன்றாவது கண், கடைசியில் நடுக்கண். தண்ணீர் ஊறாத மண் என்பதால் எங்களுக்கு இது சில வாரங்களில் முடிந்தது. இங்கிலாந்தின் வின்செஸ்டர் பேராலயத்தின் அடியில் 1906 முதல் 1911 வரை இதே வேலையை வில்லியம் வாக்கர் என்ற மூழ்காளர் ஒருவர் கலங்கிய நீருக்குள், கண் தெரியாத இருட்டில், கையால் தடவியே செய்தார். 25,000க்கும் மேற்பட்ட மூட்டைகளில் கான்கிரீட்டை அடியில் கொண்டுபோய் வைத்தார். நீரை முதலில் இறைத்திருந்தால் அதோடு மண்ணும் வந்து சுவர் சரிந்திருக்கும். எங்கள் குழியில் மண்டியிட்டு நின்ற மேஸ்திரி இதைக் கேட்டுவிட்டு, "நமக்குக் கரண்டு விளக்காவது இருக்கு சார்" என்றார்.

இறங்கிய மூலையை ஜாக்கி வைத்துப் பழைய மட்டத்துக்குத் தூக்கலாமா என்றும் கேட்டுப் பார்த்தோம். தூக்க முடியும், ஆனால் இருபது ஆண்டுகளாக அந்தச் சாய்வுக்குப் பழகிப்போன சுவர், கூரை, சன்னல் எல்லாம் மறுபடி அசைந்து புதிய இடங்களில் பிளக்கும். நின்ற இடத்திலேயே நிறுத்துவதோடு மனநிறைவு கொள்ளுங்கள் என்றார் பொறியாளர். விரிசலில் செங்கல் இணைப்புகளைக் கீறி, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை இரு பக்கமும் அரை மீட்டர் நீளுமாறு பதித்துத் தைத்தார்கள். மற்ற மூன்று விரிசல்களுக்குச் சுண்ணாம்புச் சாந்து மட்டும். பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார்; ஓதம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே ஏறி, ஓரிரு ஆண்டுகளில் உப்புப் பூத்துப் பூச்சைத் தள்ளிவிடுமாம். முன்பு யாரோ சமையலறையில் இடுப்புயரத்துக்கு அடித்திருந்த சிமென்ட் பூச்சு அப்படித்தான் உள்ளே பொரிந்து கிடந்தது.

காத்திருந்த அந்த ஓர் ஆண்டு முழுவதும் வீடு சும்மா கிடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கூரையின் ஒழுக்கை அடைத்தோம், மின்கம்பிகளைப் புதிதாக இழுத்தோம், குழாய்களை மாற்றினோம். சுவர் அசைந்தாலும் இவை கெட்டுப்போகாது. பூச்சு, டைல்ஸ், சுவரோடு பொருத்தும் அலமாரிகள், புதிய கதவு நிலைகள் ஆகியவற்றை மட்டும் கடைசிக்குத் தள்ளினோம், ஏனென்றால் சில மில்லிமீட்டர் அசைவுகூட அவற்றில்தான் முதலில் தெரியும், அவற்றை உடைத்துத்தான் அடியில் வேலை செய்ய வேண்டியிருக்கும். முதலாமவர் சொன்னபடி கேட்டிருந்தால், நான்கு பக்கமும் கான்கிரீட்டுக்குப் பணம் கொட்டிவிட்டு ஒழுகும் குழாயை அப்படியே மூடியிருப்போம். இரண்டாமவர் சொன்னபடி கேட்டிருந்தால், புதிய பூச்சின் மேல் அதே விரிசலை அதே இடத்தில் பார்த்துக்கொண்டிருப்போம்.

வண்ணம் பூச வந்தவர் அந்தப் பித்தளைத் திருகாணிகளைக் கழற்றப் போனார். அண்ணன் விடவில்லை. பின்மூலையில் ஒரு கையகல இடத்தைப் பூசாமல் விட்டு, திருகாணிகளும் பென்சில் தேதிகளும் தெரியும்படி அதன் மேல் ஒரு சிறு மரப் பலகையைத் திறந்து மூடும்படி பொருத்தியிருக்கிறார். இன்னும் மாதாமாதம் அளக்கிறார். போன மாதமும் 7.2. கடைசியாகக் கதவு மிஞ்சியது. சாய்ந்த நிலைக்குப் புதிய கதவு செய்தால் அதையும் ஒரு பக்கம் சீவித்தான் மாட்ட வேண்டும் என்று தச்சர் சொன்னதால், பழைய கதவையே தேய்த்து எண்ணெய் பூசித் திரும்பக் கீலில் மாட்டினோம். உரசாமல் மூடியது. தச்சர் பையிலிருந்து இழைப்புளியை எடுக்கவே இல்லை.